சம்பும் அதற்குள் பாடும் குருவியும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் காலையில் நடக்கப் போகிறவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமாக இருக்கும். கரையோரம் ஆள் உயரத்துக்கு மேலே சம்பு மண்டி நிற்கும். அதற்குள்ளிருந்து ‘க்ரா க்ரா, கரீட் கரீட், சக்’ என்று ஒரு கரடுமுரடான குரல் விடாமல் வரும். நின்று பார்த்தால் இலை மட்டும் ஆடும், பாடுகிற ஆளைக் காணவே முடியாது. ஏதோ தவளை கத்துகிறது என்று கடந்து போகிறவர்கள்தான் அதிகம். அது தவளை இல்லை, நாணல் கதிர்க்குருவி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வருடம் முழுக்க நீர்நிலைகளில் தங்கி வாழ்கிற பாட்டுப் பறவை.

இந்தப் பறவையையும் அது குடியிருக்கிற சம்பையும் இன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். வழக்கமாக இவற்றைத் தனித்தனியாகத்தான் பேசுகிறோம். ஏரியைத் தூர்வாருகிறவருக்குச் சம்பு ஒரு களை. பறவை பார்க்க வருகிறவருக்கு அது படம் எடுக்க விடாமல் மறைக்கிற புதர். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஏரியில் எதை வெட்டுவது, எதை விடுவது என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கிறது. அந்தப் பதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் அதற்கு முன்னால் இவை இரண்டும் எப்படி உயிர் வாழ்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் சம்பு. நம் சமவெளி ஏரிகளில் பெரும்பாலும் இருப்பது டைஃபா டொமின்ஜென்சிஸ் என்ற இனம். சில ஊர்களில் சம்பங்கோரை என்றும் சொல்வார்கள். ஆனால் பாய் நெய்கிற கோரைக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது, குடும்பமே வேறு. இரண்டு மூன்று மீட்டர் உயரம் வளரும். உச்சியில் பழுப்பு நிறத்தில் உருண்டு நீண்ட ஒரு கதிர் நிற்கும். அந்தக் கதிரில் மேலே இருப்பது ஆண் பூக்கள், கொஞ்சம் இடைவெளி விட்டுக் கீழே இருப்பது பெண் பூக்கள். தேன் இல்லை, மணம் இல்லை, வண்டு வரவேண்டிய தேவையும் இல்லை. மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகும். பெண் கதிர் முற்றி வெடித்தால் பஞ்சு பறக்கும், ஒவ்வொரு இழையிலும் ஒரு விதை. ஒரே கதிரிலிருந்து லட்சத்துக்கு மேல் விதைகள் கிளம்பும்.

அடுத்த முறை ஏரிப்பக்கம் போனால் ஒரு சம்பு இலையை அடியோடு உருவி எடுங்கள். கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் புடைத்தும் இருக்கும். உள்ளே சதை என்று சொல்ல அதிகம் இல்லை, வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள்தான். அறைக்கும் அறைக்கும் நடுவே கண்ணாடித்தாள் போல மெல்லிய சுவர். அந்த அறைகளுக்குள் அங்கங்கே வெள்ளை இழைகள் ஓடும். அடிப்பகுதியில் கை வைத்தால் வழவழவென்று ஒரு பசை ஒட்டும். இலை இவ்வளவு உயரமாக இருந்தும் காற்றில் ஒடியாமல் நிற்பதற்கு இந்த அறைக் கட்டுமானமும், இலை தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு வளர்வதும் காரணம். கையில் பிடித்தால் எடையே தெரியாது. உள்ளே இருப்பதில் பாதிக்கு மேல் காற்று.

அந்தக் காற்று சும்மா தங்கியிருக்கிற காற்று இல்லை, அது ஓடிக்கொண்டே இருக்கிறது. சம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்பேன்.

சம்பின் கிழங்கு, அதாவது தரைக்குள் படுக்கையாக ஓடும் அதன் தண்டு, கறுப்புச் சேற்றில் புதைந்து கிடக்கிறது. அந்தச் சேற்றில் பிராணவாயு கிடையாது. ஏரிச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வருமே, அது பிராணவாயு இல்லாத சேற்றின் வாடை. அங்கே சாதாரணச் செடியின் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். சம்பு மேலேயிருந்து காற்றைக் கீழே அனுப்பித் தன் வேரைக் காப்பாற்றுகிறது. இளம் இலைக்குள் எப்போதும் ஈரம் நிறைந்திருக்கும், வெளியே காற்று உலர்ந்திருக்கும். இந்த வேறுபாட்டால் இலையின் நுண்ணிய துளைகள் வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும், நுழைந்தது அதே துளை வழியாக எளிதில் திரும்ப முடியாது. உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் காற்றை இலையின் அறைகள் வழியே கீழே தள்ளும், கிழங்கு வரைக்கும் போகும். அங்கிருந்து பழைய இலைகள், ஒடிந்த தண்டுகள் வழியாக மேலேறி வெளியே போய்விடும். வெயில் ஏற ஏற இந்த ஓட்டம் கூடும், இரவில் அடங்கும். 1992ல் ஹான்ஸ் பிரிக்ஸும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் பல நீர்ச்செடிகளில் இதை அளந்தார்கள். காற்றை வேகமாக ஓட்டும் செடிகளின் முன்வரிசையில் இந்தச் சம்பும் நாணலும் இருந்தன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இளம் இலை காற்றை உள்ளே வாங்குகிறது, முதிர்ந்த இலையும் காய்ந்த தண்டும் வெளியே விடுகின்றன. காய்ந்துபோன சம்பு வெறும் குப்பை என்று நினைப்போம். அது நிற்கிற வரைக்கும் புகைபோக்கி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. சேற்றில் உண்டாகும் மீத்தேன் வாயுகூட இந்த வழியில்தான் நிறைய வெளியேறுகிறது.

சரி, இப்போது குருவிக்கு வருவோம். நாம் மூச்சு விடும்போது காற்று போன வழியிலேயே திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் பழைய காற்றில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும், புதுக்காற்று அதோடு கலக்கும். பறவைக்கு அப்படி இல்லை. அதன் உடம்புக்குள் நுரையீரலுக்கு முன்னும் பின்னுமாகக் காற்றுப் பைகள் இருக்கின்றன. உள்ளே போகும் காற்று முதலில் பின்பக்கப் பைகளுக்குப் போய், அங்கிருந்து நுரையீரலைக் கடந்து, முன்பக்கப் பைகளுக்கு வந்து, பிறகுதான் வெளியேறும். நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில்தான் ஓடும், மூச்சை இழுத்தாலும் சரி, விட்டாலும் சரி.

ஒரு பக்கம் உள்ளே, மறுபக்கம் வெளியே. சேற்றில் வேரூன்றிய செடியும், அதன் தண்டில் உட்கார்ந்திருக்கும் சுமார் முப்பது கிராம் பறவையும் மூச்சுப் பிரச்சினைக்கு ஒரே விதமான விடையைக் கண்டுபிடித்திருக்கின்றன. அவற்றுக்குள் எந்த உறவும் கிடையாது. செடி வெயிலையும் ஈரத்தையும் வைத்துக் காற்றை ஓட்டுகிறது, பறவை தசையை வைத்து ஓட்டுகிறது. இருந்தும் இரண்டும் இந்த வழியில் வந்து நிற்கின்றன. இதை முதன்முதலில் சேர்த்து யோசித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றைக்கும் குறையவில்லை.

இந்தக் காற்றோட்டம்தான் அந்தப் பாட்டையும் சாத்தியமாக்குகிறது. பறவையின் குரல்பெட்டி நம்முடையது போலத் தொண்டையின் மேலே இல்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில், நெஞ்சுக்குள் இருக்கிறது. இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒலி எழுப்ப முடியும். கானரி போன்ற பாடும் பறவைகளில் அளந்து பார்த்தபோது, அசைக்கும் அசைக்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரத்தில் குட்டி குட்டியாக மூச்சு வாங்கிக்கொள்வது தெரிந்தது. நாணல் கதிர்க்குருவி ஒரு தண்டில் ஏறி நின்று நீண்ட நேரம் ஓயாமல் கத்துவதைக் கேட்டால், இந்தத் திறமை எவ்வளவு பெரியது என்று புரியும். வாயைப் பெரிதாகத் திறக்கும்போது உட்புறம் செம்மஞ்சளாகத் தெரியும். மற்றபடி பார்வைக்கு எடுப்பான பறவை இல்லை. முதுகு மங்கலான பழுப்பு, வயிறு வெளிறிய நிறம், கண்ணுக்கு மேலே ஒரு வெளிர் கோடு, நீளமான அலகு. உடல் நீளம் 18 முதல் 20 சென்டிமீட்டர், நம் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் கொண்டைக்குருவி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். சம்புக்குள் எதையும் தூரத்தில் பார்க்க முடியாது, நிறத்தைக் காட்டி ஒரு பயனும் இல்லை. அதனால் இந்தப் பறவை சொல்ல வேண்டியதையெல்லாம் குரலில் வைத்திருக்கிறது.

நிற்கிற விதமும் தனி. மரக்கிளை படுக்கையாக இருக்கும், அதில் உட்காருவது எளிது. சம்பும் நாணலும் செங்குத்தாக நிற்பவை. இந்தக் குருவிக்கு உடம்பின் அளவோடு பார்த்தால் கால்கள் பெரியவை, பிடி இறுக்கமானது. பல நேரம் ஒரு காலை ஒரு தண்டிலும் மற்றொரு காலைப் பக்கத்துத் தண்டிலும் வைத்துக்கொண்டு நடுவில் நிற்கும். காற்றடித்து இரண்டு தண்டும் விலகினால் காலும் விலகும், தலை மட்டும் அசையாது.

கூட்டைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். தண்ணீருக்கு மேலே, நெருக்கமாக நிற்கும் சில தண்டுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றைச் சுற்றி இலைக் கீற்றுகளையும் நாரையும் சுற்றிச் சுற்றிப் பின்னி, ஆழமான கிண்ணம் போலக் கூடு கட்டும். கிளையின் மேல் கூட்டை வைக்கிற வேலை இங்கே இல்லை, தண்டுகளே கூட்டின் சுவருக்குள் தூணாகப் போய்விடும். இந்தக் குடும்பத்துப் பறவைகள் தண்ணீரில் நனைந்த கீற்றுகளைக் கொண்டுவந்து சுற்றும். ஈரமாக இருக்கும்போது அது வளைந்து கொடுக்கும், காய்ந்ததும் தண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே வெற்றிலைக் கொடியை அகத்தியோடு சேர்த்துக் கட்டுவதற்குக் காய்ந்த சம்பை ஊற வைத்துக் கிழித்து எடுப்பார்கள். பிளாஸ்டிக் கயிறு கொடியை அறுத்துவிடும். ஊறிய சம்பு அப்படிச் செய்யாது, கட்டும்போது மெதுவாக வளையும், காய்ந்தபின் நிற்கும், கொடி தடித்தால் கொஞ்சம் இடமும் கொடுக்கும். அந்த முடிச்சைப் போட்டுப் பழகிய கைக்கு இந்தக் கூட்டின் அருமை சட்டென்று விளங்கும்.

கூடு ஆழமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. காற்றில் தண்டுகள் சாயும்போது கூடும் சாயும், குழி ஆழமாக இல்லாவிட்டால் முட்டை உருண்டு தண்ணீரில் விழும். பொதுவாக மூன்று முதல் ஆறு முட்டை வரை இடும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அது செடியிடமிருந்தே வருகிறது. சம்பு வேகமாக வளரும் செடி. கூட்டைத் தாங்கும் தண்டுகளில் ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் வளர்ந்தால் கூடு ஒரு பக்கம் சரியும். அதனால் நன்கு வளர்ந்து முடிந்த தண்டுகளும், போன வருடத்துக் காய்ந்த தண்டுகளும் கலந்து நிற்கிற இடம் பறவைக்கு நல்லது. காய்ந்த தண்டைப் பற்றி மறுபடியும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செடிக்கு அது மூச்சு விடும் வழி, குருவிக்கு அது அசையாத தூண்.

இதுவரை சொன்னதிலேயே ஒரு வேறுபாடு தெரிந்திருக்கும். செடி ஒரு கதிரில் லட்சம் விதை விடுகிறது, குருவி நான்கைந்து முட்டையோடு நிறுத்திக்கொள்கிறது. செடி தன் குஞ்சுகளைக் காற்றோடு அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஈரமான மண்ணில் விழுந்தால் ஆச்சு, இல்லாவிட்டால் போச்சு. ஒரு விதை பிடித்துவிட்டால் போதும், அதன் கிழங்கு பக்கவாட்டில் ஓடி ஓடிப் பெரிய திட்டாகிவிடும். பார்க்க நூறு செடி மாதிரி தெரிவது பல நேரம் ஒரே செடிதான். குருவியோ ஒவ்வொரு குஞ்சுக்கும் பூச்சி, சிலந்தி, தட்டான் என்று நாள் முழுக்கப் பிடித்து ஊட்டுகிறது.

இன்னொன்று, சம்புக்குக் குருவி தேவையே இல்லை. மகரந்தம் காற்றில் போகும், விதை காற்றில் போகும், கிழங்கு தானே பரவும். குருவிக்குச் சம்போ நாணலோ அதுபோல அடர்ந்த நீரோரச் செடியோ இல்லாமல் முடியாது. இந்த ஒருதலைப் பட்சத்தை மறந்துவிட்டு, இயற்கையில் எல்லாம் ஒன்றை ஒன்று தாங்கிப் பிடிக்கிறது என்று பொதுவாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. இங்கே தாங்குவது செடி, தாங்கப்படுவது பறவை.

இந்தப் பறவைக்கு நம் பக்கத்தோடு பழைய தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், 1839ல் இதன் இந்திய வகையை அறிவியலுக்கு விவரித்தார். 1875ல் வின்சென்ட் லெக் இலங்கை வகையைப் பிரித்து எழுதினார். தெற்கே இருப்பவை வருடம் முழுக்க இங்கேயே இருக்கும். காஷ்மீரின் தால் ஏரி போன்ற வடக்கு நீர்நிலைகளில் கோடையில் கூடு கட்டுபவை குளிர்காலத்தில் தெற்கே வரும். அதனால் குளிர்காலத்தில் நம் ஏரிச் சம்புக்குள் உள்ளூர்க்காரரும் விருந்தாளியும் சேர்ந்தே இருப்பார்கள். இவற்றோடு பிளைத் நாணல் கதிர்க்குருவி என்ற சின்ன உறவினர் ஒன்றும் வட ஐரோப்பாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்து சேரும். அது பெயரில் நாணலை வைத்திருந்தாலும் இங்கே பெரும்பாலும் தோட்டத்துப் புதரிலும் மரத்திலும்தான் இருக்கும். உங்கள் வீட்டு வேலியில் குளிர்காலம் முழுக்க ‘சக், சக்’ என்று யாரோ சொடுக்குப் போடுகிற மாதிரி கேட்டால் பெரும்பாலும் அதுதான்.

செடி போய்விட்டால் பறவைக்கு என்ன ஆகும்? இதற்கு ஈராக்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகள் சேருமிடத்துக்கு அருகே தெற்கு ஈராக்கில் பெரும் சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே வாழும் அரபு மக்கள் நாணலை வளைத்துக் கட்டிப் பெரிய விருந்தினர் மண்டபங்களே எழுப்புவார்கள். சம்புப் பூவின் மகரந்தத்தைச் சேர்த்து மஞ்சள் நிறத்தில் இனிப்புக் கட்டி செய்து சாப்பிடுவார்கள். அந்த நாணலுக்குள்தான் பஸ்ரா நாணல் கதிர்க்குருவி கூடு கட்டுகிறது. நம் குருவியின் நெருங்கிய உறவு அது. உலகில் அதன் கூடுகளில் மிகப் பெரும்பான்மை அந்த ஒரு சதுப்பில்தான் இருக்கின்றன. குளிர்காலத்தைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டுத் திரும்பி வரும்.

1990களில் அன்றைய அரசு கால்வாய் வெட்டியும் கரை போட்டும் அந்தச் சதுப்பின் தண்ணீரைத் திருப்பியது. அங்கே ஒளிந்திருந்த எதிர்ப்பாளர்களை விரட்டுவதற்கு அது ஒரு வழி. மேலே பக்கத்து நாடுகளில் கட்டிய அணைகளும் சேர்ந்துகொண்டன. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2001ல் செயற்கைக்கோள் படங்களை வைத்து வெளியிட்ட அறிக்கை, சதுப்பில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது என்றது. நாணல் நின்ற இடம் உப்புப் பாலையானது. மக்கள் ஆயிரக்கணக்கில் ஊரை விட்டுப் போனார்கள். பஸ்ரா குருவி வருடாவருடம் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்தும் உட்காரத் தண்டு இல்லை.

2003ல் ஆட்சி மாறியதும் உள்ளூர் மக்களே கரைகளை உடைத்துத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். தண்ணீர் வந்த பல இடங்களில் நாணல் மீண்டும் முளைத்தது. நாணலோடு குருவியும் வந்தது. 2016ல் யுனெஸ்கோ அந்தச் சதுப்புகளை உலகப் பாரம்பரிய இடங்களில் சேர்த்தது. அதன்பிறகும் வறட்சியும் அணைகளும் அங்கே தண்ணீரைக் குறைத்துக்கொண்டேதான் இருக்கின்றன. பஸ்ரா குருவி இன்றும் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்கத் தெரிந்த பறவையாக இருந்தாலும், போய் இறங்குகிற இடத்தில் செடி இல்லாவிட்டால் அந்தத் திறமை உதவாது.

நம் ஊர்க் கதை அதற்கு நேர்மாறானது. இங்கே பல ஏரிகளில் சம்பு குறையவில்லை, பெருகிக்கொண்டே போகிறது. காரணம் சாக்கடை. வீட்டுக் கழிவுநீரும் வயலின் உரமும் ஏரிக்குள் வரும்போது பாஸ்பரஸும் நைட்ரஜனும் சேர்ந்து வருகின்றன, சம்புக்கு அது விருந்து. இதே டைஃபா டொமின்ஜென்சிஸ் அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் என்ன செய்தது என்பது நன்றாக ஆராயப்பட்ட கதை. அங்கே தண்ணீரில் பாஸ்பரஸ் இயல்பாகவே மிகக் குறைவு, நூறு கோடியில் பத்துப் பங்குக்கும் கீழே. கரும்புத் தோட்டங்களிலிருந்து உரம் கலந்த தண்ணீர் வந்ததும், அங்கே காலங்காலமாக இருந்த ரம்பப் புல்லை ஒதுக்கிவிட்டுச் சம்பு பெரும் பரப்பை எடுத்துக்கொண்டது. நடுநடுவே இருந்த திறந்த நீர்ப்பரப்பு மூடிப்போனது, நீர்ப்பறவைகள் இறங்கி மேய இடம் குறைந்தது.

ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் நடந்ததும் நினைவில் வைக்க வேண்டியது. 1982ல் அங்கே எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. பறவைக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள். எருமை இல்லாததும் நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பல வருடம் ஆராய்ந்து, மேய்ச்சல் இல்லாமல் போனது பறவைகளுக்கே கேடாக முடிந்தது என்று சொன்னது. நம் ஏரிகளிலும் இளஞ்சம்பை எருமை மேய்வதை நான் எதிர்க்க மாட்டேன்.

அப்படியென்றால் சம்பு அதிகமாக அதிகமாகக் குருவியும் அதிகமாகுமா? ஆகாது. ஐரோப்பாவில் இதன் உறவான பெரிய நாணல் கதிர்க்குருவியை நீண்டகாலம் ஆராய்ந்திருக்கிறார்கள். அது விரும்புவது நாணலும் தண்ணீரும் சந்திக்கிற ஓரத்தை. அங்கே தண்டுகள் தடித்து நிற்கும், கீழே தண்ணீர் இருப்பதால் எலியும் பாம்பும் கூட்டை அடைவது கடினம், பூச்சியும் தண்ணீரிலிருந்து கிளம்பி வரும். உள்ளே போகப் போகத் தண்டு மெலியும், தண்ணீர் வற்றும், சருகு சேரும். ஏரி முழுக்கச் சம்பாகி மூடிவிட்டால் அந்த ஓரம் என்பதே இல்லாமல் போகும். நூறு ஏக்கர் ஒரே சம்புக் காட்டைவிட, இடையிடையே வாய்க்காலும் குட்டையும் உள்ள இருபது ஏக்கர் சம்பு இந்தக் குருவிக்கு மேல்.

ஆகவே வெட்டுவது தவறில்லை. எப்படி வெட்டுகிறோம் என்பதுதான் என் கவலை. இப்போது நடப்பது எல்லோருக்கும் தெரியும். கோடையில் பொக்லைன் இறங்கும், கரையோரமெல்லாம் ஒட்டச் சுரண்டி எடுத்துக் கரையில் கொட்டும், ஏரி ஒரு தொட்டி மாதிரி ஆகும். செய்தித்தாளில் படம் வரும். அல்லது காய்ந்த சம்புக்கு யாராவது தீ வைப்பார்கள். தீ மேலே இருக்கிற தண்டையும் கூட்டையும் எரிக்கும், சேற்றுக்குள் இருக்கும் கிழங்கை ஒன்றும் செய்யாது. மழை வந்ததும் அதே சம்பு அதே இடத்தில் முளைக்கும். குருவியின் கூட்டை அழிப்பதற்குத்தான் அந்தத் தீ பயன்பட்டது.

சம்பை உண்மையிலேயே குறைக்க வேண்டிய இடத்தில், முன்னால் சொன்ன மூச்சு விஷயத்தை வைத்துக் குறைக்கலாம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அறுத்துவிட்டு, வெட்டு வாயின் மேல் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொண்டால், கிழங்குக்குக் காற்று போகும் வழி அடைபடும். பச்சைத் தண்டு, காய்ந்த தண்டு இரண்டையும் சேர்த்து அறுக்க வேண்டும், காய்ந்ததை விட்டால் அது வழியாகக் காற்று போய்விடும். கிழங்கு மூச்சு முட்டி அழுகும். பல நாடுகளில் பறவைச் சரணாலயங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். இதற்கு அரிவாளும் ஒரு பரிசலும் நான்கு ஆளும் போதும், ஏரியின் அடிமண்ணைக் கிளற வேண்டியதில்லை. வேலைக்குப் போன கிராமத்து ஆட்களுக்குக் கூலியும் கிடைக்கும், அறுத்த சம்பு எருவுக்கோ மாட்டுக்குப் படுக்கைக்கோ ஆகும். அறுத்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிடக் கூடாது. அதில் இருக்கிற பாஸ்பரஸ் மறுபடியும் ஏரிக்கே போகும்.

மற்ற இடங்களில், ஒரு வருடம் ஒரு பட்டை, அடுத்த வருடம் இன்னொரு பட்டை என்று மாற்றி மாற்றி வெட்டலாம். எந்த வருடமும் கொஞ்சம் பழைய தண்டு நிற்க வேண்டும். வெட்டப் போகிற பட்டையில் குருவி கூடு வைத்திருக்கிறதா என்று மாதத்தை வைத்து முடிவெடுப்பதைவிடக் காதை வைத்து முடிவெடுப்பது நல்லது. காலை ஆறு மணி சுமாருக்குக் கரையில் நின்று கேளுங்கள். ஒரே இடத்திலிருந்து நாள் தவறாமல் அந்தக் கரகரத்த பாட்டு வந்தால், அங்கே ஒரு ஆண் தன் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, பக்கத்தில் கூடு இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பட்டையை அந்த வருடம் விட்டுவிட்டு எதிர்க்கரையில் வேலையைத் தொடங்கலாம். சம்பங்கோழியும் நீலத்தாழைக்கோழியும் அதே பட்டையில்தான் இருக்கும், அவற்றுக்கும் சேர்த்துப் பிழைப்பு.

சென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கரணை சதுப்பு 2022ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அங்கே சம்பும் நாணலும் இருக்கின்றன, குப்பை மேடும் கழிவுநீரும் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் உள்ளே விடுகிற வரைக்கும் எத்தனை முறை வெட்டினாலும் சம்பு திரும்பி வரும். வெட்டுகிற செலவில் ஒரு பகுதியைச் சாக்கடை வாயில் போட்டால் நல்லது என்பது என் கருத்து. இதே சம்பை ஏரிக்கு வெளியே, சாக்கடை வந்து சேரும் வாயிலேயே கட்டுப்படுத்திய பாத்திகளில் வளர்த்தால், அது தன் வேரில் கழிவை வடிகட்டிக் கொடுக்கும். உலகில் பல ஊர்களில் கழிவுநீரை இப்படிச் சுத்தம் செய்கிறார்கள். வேருக்கு அனுப்பும் காற்றில் கொஞ்சம் சேற்றில் கசிகிறது, அந்தக் காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. இலைக்குள் ஓடும் அந்தக் காற்று அங்கே நமக்காகவே வேலை செய்யும்.

உங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரப் போகிறார்கள் என்று செய்தி வந்தால், வேலை தொடங்குவதற்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் திட்ட வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். கரையோரச் சம்பில் எந்தப் பகுதியை விடுகிறார்கள் என்று அதில் குறித்திருக்க வேண்டும். குறிக்காவிட்டால் கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், பாட்டுக் கேட்ட இடத்தைக் கை காட்டிச் சொல்லுங்கள். பொக்லைன் ஓட்டுகிற தம்பியிடமும் ஒரு வார்த்தை சொல்லி, அந்த இடத்தில் ஒரு கொம்பு நட்டுத் துணி கட்டிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.